கோள் ஆய்வு குறித்து ஒரு மாணவர் மாநாடு: முதன்முறை நடத்துவோருக்கான வழிகாட்டி

நிலவு, செவ்வாய், வெள்ளி போன்ற பிற உலகங்களை ஆராய்வது குறித்து மாணவர்களே கட்டுரை வாசித்து, மாணவர்களே கேள்வி கேட்டு, மாணவர்களே பொறுப்பேற்று நடத்தும் மாநாடு ஒன்றைத் தங்கள் கல்லூரியில் கூட்ட விரும்பும் இளநிலை மாணவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. நம் கல்லூரிகளில் கருத்தரங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முற்பகல் முழுவதும் கரைந்துபோக, கட்டுரை வாசிக்க வந்த மாணவருக்கு மதிய உணவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கப்படுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும், மாநாட்டின் நேரத்தில் பெரும்பகுதியை மாணவர்களின் முடிவுகளுக்கும் அவற்றின் மீதான கேள்விகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தை வைத்துச் சொல்லப்படுகிறது.

முன்னோடி ஒன்று

1976ஆம் ஆண்டு ஜூலை 20 அன்றும் செப்டம்பர் 3 அன்றும் நாசாவின் இரண்டு வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கின. அதன் பிறகு 1992 வரை நாசா செவ்வாய்க்கு ஒரு கலத்தையும் ஏவவில்லை. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில், அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ் மெக்கே, பெனலபி பாஸ்டன், கரோல் ஸ்டோக்கர் உள்ளிட்ட ஆய்வு மாணவர்கள் சிலர், செவ்வாய் உயிர் வாழத் தக்க இடமாகுமா என்ற கேள்வியை வகுப்பறையில் விவாதிக்கத் தொடங்கினர். அந்த விவாதம் வளர்ந்து, 1981 வசந்த காலத்தில் ‘த கேஸ் ஃபார் மார்ஸ்’ என்ற பெயரில் ஒரு மாநாடாக உருவெடுத்தது. மனிதர்களைச் செவ்வாய்க்கு அனுப்புவதைப் பற்றி விண்வெளி நிறுவனங்களே வாய் திறக்கத் தயங்கிய காலத்தில், பொறியாளர்களும் உயிரியலாளர்களும் மருத்துவர்களும் ஒரே அரங்கில் அமர்ந்து அதைப் பேச முடிந்ததென்றால், அழைத்தவர்களுக்கு இழக்கப் பதவி எதுவும் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1984இல் நடந்த இரண்டாம் மாநாட்டில் கட்டுரை வாசிப்போடு நில்லாமல், வந்தவர்கள் குழுக்களாகப் பிரிந்து ஒரு செவ்வாய்ப் பயணத்தையே திட்டமிட்டனர். இந்தத் தொடர் 1996 வரை நீடித்தது; மெக்கேயும் ஸ்டோக்கரும் பின்னாளில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்களாயினர்.

இதே காலத்தில், 1980இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் ‘செட்ஸ்’ என்ற மாணவர் விண்வெளி அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் இந்தியக் கிளை வேலூர் வி.ஐ.டி.யை மையமாகக் கொண்டு இயங்கி வருகிறது. உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே அத்தகைய மன்றம் இருந்தால் அதன் பெயரிலேயே மாநாட்டை நடத்துவது எளிது. இல்லாவிட்டால் துறை மன்றத்தின் பெயரில் நடத்தலாம். இதற்கென்று புதிய அமைப்பு ஒன்றைப் பதிவு செய்து காலத்தை வீணாக்க வேண்டியதில்லை.

முதல் படி: கேள்வியைச் சுருக்குதல்

‘விண்வெளித் தொழில்நுட்பத்தில் புதிய போக்குகள்’ என்று தலைப்பு வைத்தால் ட்ரோன் முதல் சோதிடம் வரை எல்லாம் வந்து சேரும். கோள் ஆய்வு என்பதும் அகலமான தலைப்பே. ஆகவே முதல் மாநாட்டுக்கு ஓர் இடத்தையும் அந்த இடம் பற்றிய ஒரு கேள்வியையும் தேர்ந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கிய, நிலவின் தென் அகலாங்கு 69 பாகைப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அங்கு ‘சேஸ்ட்’ என்ற வெப்பமானி மண்ணுக்குள் செலுத்தப்பட்டபோது, மேற்பரப்பில் 50 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்த வெப்பநிலை, வெறும் 8 செ.மீ. ஆழத்தில் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 10 பாகைக்கு இறங்கியிருந்தது. ‘தென்துருவத்துக்கு அருகே நிலவின் மண் எவ்வாறு நடந்துகொள்கிறது?’ என்ற ஒரே கேள்வியில் இயற்பியல் மாணவருக்கு வெப்பக் கடத்தல் இருக்கிறது, இயந்திரவியல் மாணவருக்குத் தரையில் ஊர்ந்து ஆராயும் ரோவர் வண்டியின் சக்கரம் இருக்கிறது, புவியியல் மாணவருக்குப் பாறை இருக்கிறது, கணினி மாணவருக்குப் படப் பகுப்பாய்வு இருக்கிறது. இப்படிப் பல துறைகளும் கைவைக்கக்கூடிய, ஆனால் ஒரு திசையில் நிற்கும் கேள்வியே ஏற்றது.

இரண்டாம் படி: குழு, தேதி, அனுமதி

குழு சிறியதாக இருக்கட்டும். ஆய்வுச் சுருக்கங்களைப் பெற்று மதிப்பிடும் நிகழ்ச்சிக் குழுவும், அரங்கு, உணவு, தங்குமிடம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஏற்பாட்டுக் குழுவும் தனித்தனி ஆட்களைக் கொண்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒருவரே பார்த்தால் சாப்பாட்டுக் கணக்குத்தான் வெல்லும். கட்டுரைகள் கடைசி வாரம் வரை படிக்கப்படாமல் கிடக்கும். பணத்துக்கு ஒருவர் மட்டுமே பொறுப்பு, அவருடைய கணக்கைச் சரிபார்க்க மற்றொருவர். வழிகாட்டும் ஆசிரியராக, கையெழுத்துக்கு அலையவிடாதவரும் மாணவர்களின் முடிவுகளில் தலையிடாதவருமான ஒருவரை அணுகுங்கள். அத்தகையவர் எல்லாத் துறையிலும் ஒருவராவது இருப்பார்.

தேதியைப் பொறுத்தவரை, பருவத் தேர்வுகள் நெருங்கும் நவம்பரும் ஏப்ரலும் உதவா. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வெளியூரிலிருந்து வருவோரைத் தடுத்துவிடக்கூடும். பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும் பாதுகாப்பானவை. ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினமாகவும், அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரமாகவும் கொண்டாடப்படுவதால், அந்நாட்களில் மாநாடு வைக்க ஆசை எழுவது இயல்பு. ஆனால் அப்போது எல்லாக் கல்லூரிகளும் பள்ளிகளும் அதே பேச்சாளர்களைத் தேடுவார்கள். வேறொரு வாரத்தில் அழைத்தால் உங்களுக்கு ஒரு முழு நாளே கிடைக்கக்கூடும்.

அனுமதிக் கடிதம் துறைத் தலைவர் வழியாக முதல்வருக்குச் செல்ல வேண்டும். கடிதத்தில் நோக்கம், தேதி, எதிர்பார்க்கும் எண்ணிக்கை, அரங்கு, செலவு, வெளியூர் மாணவர் தங்கும் ஏற்பாடு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் சொல்லிவிடுங்கள். வெளியூர் மாணவியருக்கு மகளிர் விடுதியில் இடமும், இரவில் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வர ஆளும் வண்டியும் உண்டு என்பதை அழைப்பிலேயே எழுதிவிட்டால், வீட்டில் அனுமதி கிடைக்காமல் நின்றுபோகிறவர்கள் குறைவார்கள். பங்கேற்பாளர்களுக்கு ஓ.டி. (வெளியே சென்ற நாளையும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்க உதவும் வகையில், அவர்களுடைய கல்லூரி முதல்வருக்கு முகவரியிட்ட அழைப்புக் கடிதத்தைத் தேர்வு முடிவுடன் சேர்த்தே அனுப்புங்கள்.

மூன்றாம் படி: ஆய்வுச் சுருக்கம் கேட்டல்

மாநாட்டின் உயிர்நாடி இதுவே என்பதால் இப்படியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அறிவிப்பு வெளியானதும் பெரும்பாலான மாணவர்கள் கேட்பது, ‘எங்களிடம் ஆய்வகமே இல்லை, நாங்கள் என்ன கண்டுபிடித்து எழுதுவது?’ என்பதுதான். கோள் அறிவியலில் இதற்கு நல்ல விடை உண்டு. சந்திரயான்-2 அனுப்பிய தரவுகள் இஸ்ரோவின் ‘பிரதான்’ தளத்திலும், நாசா கலங்களின் தரவுகள் அதன் கோள் தரவுக் களஞ்சியத்திலும் யாரும் இலவசமாகப் பெறும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஜேமார்ஸ்’ மென்பொருளும், கட்டணமற்ற ‘கியூஜிஐஎஸ்’ வரைபட மென்பொருளும் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். அறிவிப்போடு இந்தப் பட்டியலையும், ஒரு மாதிரி ஆய்வையும் இணைத்துவிட்டால் வரும் சுருக்கங்களின் தரம் மாறிவிடும்.

மாதிரிக்குக் கிண்ணக்குழி எண்ணுதலை எடுத்துக்கொள்ளலாம். காற்றும் மழையும் இல்லாத நிலவில், ஒரு நிலப்பரப்பு எவ்வளவு பழையதோ அவ்வளவு அதிகமாக விண்கல் மோதிய குழிகள் அதில் சேர்ந்திருக்கும். சந்திரயான்-2இன் ஓ.எச்.ஆர்.சி. ஒளிப்படக்கருவி நிலவின் தரையை ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 25 செ.மீ. நுணுக்கத்தில் படமெடுக்கிறது. அத்தகைய ஒரு படத்தில் குறிப்பிட்ட பரப்பை வரையறுத்து, குறிப்பிட்ட விட்டத்துக்கு மேற்பட்ட குழிகள் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, விட்ட வாரியாக அட்டவணைப்படுத்தி, இரண்டு பகுதிகளை ஒப்பிட்டால் எது பழையது என்று வாதிட ஓர் அடிப்படை கிடைக்கிறது. பார்வைக்கு எளிது, கை வைத்தால் சிக்கல்கள் தெரியும். சூரியன் தலைக்கு மேலிருக்கும்போது எடுத்த படத்தில் ஆழமற்ற குழிகள் கண்ணுக்கே படா. சாய்வொளியில் எடுத்த படத்தில் அவை நிழலுடன் எழுந்து நிற்கும். ஆகவே வெவ்வேறு சூரியக் கோணத்தில் எடுத்த இரு படங்களை ஒப்பிடுவது ஏமாற்றிவிடும். ஒளி கீழ்ப்புறமிருந்து வரும்படி படத்தைத் திருப்பினால் குழிகள் மேடுகளாகத் தோன்றும். பெரிய மோதலில் சிதறிய கற்கள் உண்டாக்கிய இரண்டாம் நிலைக் குழிகள் கொத்தாகவும் வரிசையாகவும் இருக்கும். அவற்றையும் எண்ணினால் நிலம் உண்மையைவிடப் பழையதாகக் காட்டும். மிகச் சிறிய குழிகளோ, புதியது ஒன்று விழும்போது பழையது ஒன்று அழியும் நிலையை எட்டிவிடுவதால், அவற்றைக் கொண்டு வயதே சொல்ல முடியாது. ஒரே படத்தை இரண்டு மாணவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எண்ணி, இருவர் எண்ணிக்கையும் எவ்வளவு வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்று எழுதினாலே அது வாசிக்கத் தகுந்த கட்டுரை.

சுருக்கம் 300 சொற்களுக்குள் இருக்க வேண்டும். எந்தக் கேள்வி, எந்தத் தரவு, என்ன செய்தோம், என்ன கிடைத்தது, எது இன்னும் தெளிவாகவில்லை என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும். ‘செவ்வாயில் மனிதக் குடியேற்றம்: ஒரு பார்வை’ என்ற தலைப்பில் கட்டாயம் சில வரும். அவற்றில், செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதில் தொடங்கி ஏதேனும் ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொழியைப் பற்றியும் ஒரு சொல்: சுருக்கத்தை ஆங்கிலத்திலோ தமிழிலோ அனுப்பலாம் என்றும், கேள்வி நேரத்தில் தமிழில் தாராளமாகக் கேட்கலாம் என்றும் முன்கூட்டியே அறிவியுங்கள். ஆங்கிலத்தில் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கேள்வியை விழுங்கிவிடும் மாணவர்கள் நம் அரங்குகளில் ஏராளம்.

நான்காம் படி: மதிப்பிடுதல்

ஒவ்வொரு சுருக்கத்தையும் பெயரையும் கல்லூரியையும் மறைத்து இருவர் படிக்க வேண்டும். ஒருவர் மூத்த மாணவராகவும் மற்றவர் ஆய்வு மாணவராகவோ ஆசிரியராகவோ இருப்பது நல்லது. தேர்வாகாதவற்றுக்கு இரண்டு வரியாவது காரணம் எழுதி அனுப்புங்கள். நல்ல எண்ணம் இருந்தும் முடிவு வராத ஆய்வுகளை நிராகரிக்காமல் போஸ்டராக, அதாவது பலகையில் மாட்டி விளக்கும் ஒற்றைத் தாளாக, மாற்றித் தரச் சொல்லலாம். சொந்தக் கல்லூரியின் கட்டுரைகளுக்கு ஒரு வரம்பு வைக்காவிட்டால் மாநாடு துறை விழாவாகச் சுருங்கிவிடும்.

ஐந்தாம் படி: பேச்சாளர்கள்

புகழ்பெற்ற பெயர்களையே துரத்த வேண்டியதில்லை. ஒரு திட்டத்தின் இயக்குநர் ஒரு மணி நேரம் பொதுவாகப் பேசுவதைவிட, அதே திட்டத்தின் ஒரு கருவியின் தரவோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் இளம் ஆய்வாளர் முழு நாளும் இருந்து போஸ்டர்களைச் சுற்றிப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன் தரும். அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வகம், திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் போன்றவற்றில் கோள் அறிவியலில் நேரடியாகப் பணிபுரிவோர் இருக்கிறார்கள். அரசு நிறுவனங்களில் இருப்போர் அலுவலக அனுமதி பெற்றே வர முடியும் என்பதால், நிறுவனத் தலைவருக்கு முறையான கடிதமும் அவருக்குத் தனிக் கடிதமும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பயணச் செலவை யார் ஏற்பது, எங்கு தங்குவது, எவ்வளவு நேரம் பேசுவது, எவ்வளவு நேரம் கேள்விக்கு என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வர இயலாதவரை இணைய வழியில் பேச வைக்கலாம். ஆனால் ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஏனெனில் திரையை நோக்கிக் கேள்வி கேட்க எவரும் முன்வருவதில்லை.

ஆறாம் படி: பணம்

செலவு உணவிலும் பயணத்திலும் அச்சிலும் போகிறது. கையில் வந்த பணத்தை மட்டும் வரவாக எழுதுங்கள். ‘பார்த்துக்கொள்கிறோம் தம்பி’ என்ற வாக்குறுதிகளை வரவில் சேர்க்காதீர்கள். ஃபிளெக்ஸ் பேனரையும் நினைவுப் பரிசையும் பொன்னாடையையும் அடியோடு விட்டுவிட்டால் மிஞ்சும் தொகையில் தொலைதூரக் கல்லூரி மாணவர்கள் சிலரின் பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்துவிடலாம். ரசீது இல்லாத செலவைத் தணிக்கையில் யாரும் ஏற்க மாட்டார்கள். டீக்கடையில்கூடச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மாநாட்டு நாட்கள்

இரண்டு நாட்கள் போதும். தொடக்க விழாவைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, முதல் நாள் முற்பகலிலேயே மாணவர் கட்டுரைகளைத் தொடங்குங்கள். ஒரு கட்டுரைக்கு 12 நிமிடம் பேச்சு, 6 நிமிடம் கேள்வி. அமர்வுத் தலைவர் முதல் கேள்வியை ஒரு மாணவரிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். பேராசிரியர் முதலில் கேட்டால் அரங்கு அடங்கிவிடும். நேரம் காட்டும் அட்டையைப் பிடிக்க, எவர் முகத்துக்கும் அஞ்சாத முதலாண்டு மாணவர் ஒருவரை முன்வரிசையில் அமர்த்துங்கள்.

போஸ்டர்களைத் தேநீர் கொடுக்கும் இடத்திலேயே மாட்டுவது நல்லது, கூட்டம் தானாக அங்கு சேரும். எழுத்து இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் அளவில் இருக்க வேண்டும் என்பதையும், பலகையின் அளவையும் ஏற்புக் கடிதத்திலேயே தெரிவிக்காவிட்டால், அன்று காலையில் கத்தரிக்கோலும் செல்லோடேப்புமாக ஒரு குழு ஓட வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாளைப் பட்டறைக்கு ஒதுக்குங்கள். போல்டரின் 1984 மாநாட்டைப் போல, எட்டுப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவிடமும் ஒரு பயணத்தைத் திட்டமிடச் சொல்லலாம். வரம்பு இல்லாவிட்டால் எல்லாக் குழுவும் எல்லாக் கருவியையும் ஏற்றிவிடும். ஆகவே சந்திரயான்-3இன் பிரக்ஞான் ரோவரைப் போல மொத்த எடை 26 கிலோவைத் தாண்டக் கூடாது என்று கட்டளையிடுங்கள். எதை விடுவது என்ற சண்டையில்தான் கோள் ஆய்வு தொடங்குகிறது.

செவ்வாய் ரோவரை இயக்கும் சிக்கலை உணர்த்த ஒரு பயிற்சியும் உண்டு. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே வானொலி அலை ஒருவழியாகச் செல்ல, இரு கோள்களின் இருப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் வரை ஆகிறது; நிலவுக்கு இது ஒன்றேகால் நொடிதான். ஓர் அறையில் மேசை நாற்காலிகளைத் தடைகளாக அடுக்கி, கண்ணைக் கட்டிய ஒரு மாணவரை ரோவராக நிறுத்துங்கள். வேறோர் அறையில் இருக்கும் ‘பூமி’க் குழு, ரோவரின் இடத்திலிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படத்தை மட்டும் பார்த்து, துண்டுச்சீட்டில் கட்டளை எழுத வேண்டும். ஒவ்வொரு சீட்டும் படமும் மூன்று நிமிடம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகே மறு அறைக்குப் போகும். முதல் முயற்சியில் ‘முன்னே போ’ என்று எழுதும் குழு, இரண்டாம் முயற்சியில் ‘இரண்டு அடி முன்னே போ, எதுவும் தட்டுப்பட்டால் நின்றுவிடு, படம் அனுப்பு’ என்று எழுதத் தொடங்கும். ரோவருக்குத் தன்னியக்கம் ஏன் தேவை என்பதற்கு வேறு விளக்கவுரை வேண்டியிராது.

விரும்பினால்: ஒரு களப்பயணம்

மூன்றாம் நாள் ஒன்று கிடைத்தால், தமிழ்நாட்டில் இதற்குப் பொருத்தமான இடங்கள் இரண்டு உண்டு. நிலவின் வெளிர்நிற மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தசைட் என்ற பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பகுதியில் தரையிலேயே கிடக்கிறது. அங்கிருந்து எடுத்த பாறையைப் பொடித்துச் செய்த செயற்கை நிலவு மண்ணில்தான் சந்திரயான்-2க்கான தரையிறங்குகலன், ரோவர் சோதனைகளை இஸ்ரோ நடத்தியது. புவியியல் ஆசிரியர் ஒருவர் உடன் வருவது கட்டாயம். ஊராட்சியிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், சுத்தியலை ஆசிரியரிடம் மட்டும் கொடுங்கள்.

மற்றொன்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனின் முன்னே கடந்து சென்றபோது, தொலைநோக்கி பொருத்திய விமானத்திலிருந்த அமெரிக்க வானியலாளர்கள் விண்மீனின் ஒளி எதிர்பாராமல் மங்கி மங்கி மீண்டதைக் கண்டு யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்தனர். அதே நிகழ்வை அன்று காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. கோள் ஆய்வுக்குக் கலம் ஏவியே ஆக வேண்டும் என்று நினைக்கும் மாணவருக்கு இந்த இடத்தைக் காட்டுவது நல்லது. பார்வையாளர் அனுமதிக்கு முன்னரே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: முடிந்த பிறகு

போல்டர் மாநாட்டின் கட்டுரைத் தொகுதி மூன்று ஆண்டுகள் கழித்து 1984இல்தான் வெளிவந்தது; நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். சுருக்கங்களின் தொகுப்பை மாநாட்டுக்கு முன்பே பி.டி.எஃப். கோப்பாக முடித்துவிட்டு, கட்டுரைகளையும் பட்டறைக் குழுக்களின் திட்டங்களையும் ஒரு மாதத்துக்குள் அதனுடன் சேர்த்து, பங்கேற்ற எல்லோருக்கும் அனுப்புங்கள். சான்றிதழ்களை நிறைவு விழாவில் ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துத் தர வேண்டியதில்லை; பெயரில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லி மின்னஞ்சலில் அனுப்பினால் ஒரு மணி நேரம் மிச்சமாகும், அந்த நேரத்தை இன்னும் மூன்று கட்டுரைகளுக்குக் கொடுக்கலாம்.

கணக்கை ஒரு வாரத்துக்குள் முடித்துத் துறையில் ஒப்படைத்துவிட்டு, கடிதங்களின் மாதிரிகள், பேச்சாளர் முகவரிகள், மதிப்பீட்டுப் படிவம், வரவு செலவு, எந்த வேலை எந்த வாரத்தில் தொடங்கியிருக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு இளைய மாணவர்களிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டின் நிகழ்ச்சிக் குழுத் தலைவரை, இறுதியாண்டுத் தேர்வுகள் தொடங்கும் முன்பே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியாது.